300 முதல் 900 எல்இடி வரை: டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்புக்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு பொருந்தும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓர் அறையின் மேற்கூரையை ஒட்டி ஓடும் மறைவிளக்கு அமைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட, 5 வோல்ட்டில் இயங்கும், ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பைத் தேர்ந்தெடுத்துள்ளேன். முதலில் ஒரு சுவரில் 5 மீட்டர், அதாவது 300 எல்இடி. அது திருப்தியாக அமைந்தால் இன்னும் இரண்டு சுவர்களுக்கு நீட்டி, மொத்தம் 900 எல்இடி வரை கொண்டுபோகும் எண்ணம் உள்ளது.

இப்போது என்னிடம் இருப்பது ஆர்டுயினோ ஊனோ போர்டு. ஒரு மீட்டர் துண்டை மட்டும் இணைத்து, அடாஃப்ரூட் நியோபிக்சல் லைப்ரரியைக் கொண்டு நிரல் எழுதிப் பார்த்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. 300 எல்இடியையும் இணைத்த பின்னரும் வண்ணங்கள் சரியாகவே ஓடுகின்றன. ஆனால் இரண்டு விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. முதலாவது, அதே போர்டில் பொருத்தியுள்ள அகச்சிவப்பு ரிமோட், விளக்கு ஒரே நிறத்தில் நிலையாக எரியும்போது உடனே வேலை செய்கிறது. நிறங்கள் ஓடத் தொடங்கிவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது, குறிப்பிட்ட நேரத்திற்குப் பின் தானாக அணைய வேண்டும் என்று மில்லிஸ் செயற்கூற்றை (போர்டு இயங்கத் தொடங்கி எத்தனை மில்லிவினாடி ஆனது என்று சொல்வது) வைத்து எழுதிய பகுதி, கடிகாரத்தோடு ஒப்பிட்டால் வெகு தாமதமாகவே அணைக்கிறது.

போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த கட்டத்திற்கும் சேர்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட விரும்புகிறேன். கைபேசியிலிருந்து கட்டுப்படுத்த வேண்டும். நேர அட்டவணைப்படி எரிந்து அணைய வேண்டும். பின்னாளில் இசைக்கு ஏற்ப ஒளி அசைய வேண்டும். இஎஸ்பி8266, இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோ, டீன்ஸி என்று பல பெயர்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் வேகம் இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்களே தவிர, இந்த வேலைக்கு அந்த வேகத்தால் என்ன பயன் என்பது விளங்கவில்லை. ஊனோ இதற்கு உண்மையிலேயே போதாதா, அல்லது என் நிரலைத் திருத்தினால் போதுமா?

மறுமொழி 1

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொண்டால் எந்த போர்டு வேண்டும் என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் டேட்டாவுக்கு ஒரே ஒரு கம்பிதான் உண்டு. கடிகாரத் துடிப்புக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஆகவே அனுப்பப்படும் பிட் 0 ஆ 1 ஆ என்பதை, அந்தக் கம்பி எவ்வளவு நேரம் உயர்நிலையில் இருந்தது என்பதை வைத்தே எல்இடிக்குள் இருக்கும் சிப் முடிவு செய்கிறது. ஒரு பிட்டுக்கு மொத்தம் 1.25 மைக்ரோவினாடி, அதில் உயர்நிலை ஏறத்தாழ 0.4 மைக்ரோவினாடி நீடித்தால் 0, 0.8 அளவுக்கு நீடித்தால் 1. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 20 கடிகாரச் சுற்றுகள் மட்டுமே. இடையில் வேறெந்த வேலைக்குத் திரும்பினாலும் நேரக்கணக்கு தவறி நிறம் மாறிவிடும் என்பதால், டேட்டாவை அனுப்பி முடிக்கும் வரை லைப்ரரி எல்லா இன்டர்ரப்டுகளையும் (நடக்கும் வேலையை இடைமறித்து உடனே கவனிக்கச் சொல்லும் அழைப்புகள்) நிறுத்தி வைக்கிறது.

ஒரு எல்இடிக்கு 24 பிட், அதாவது 30 மைக்ரோவினாடி. 60 எல்இடிக்கு 1.8 மில்லிவினாடிதான் என்பதால் உங்கள் முதல் சோதனையில் எதுவும் கண்ணில் படவில்லை. 300 எல்இடிக்கு அது 9 மில்லிவினாடி ஆகிறது. பரவலாகப் பயன்படும் என்இசி முறை ரிமோட், ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அனுப்பும் தொடக்கத் துடிப்பின் நீளமும் 9 மில்லிவினாடிதான். அதன் பின் வரும் பிட்டுகளின் துடிப்புகளோ அரை மில்லிவினாடியை ஒட்டியவை. உங்கள் போர்டு செவியை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவை வந்து போய்விடுகின்றன. மில்லிஸ் பின்தங்குவதும் இதனால்தான். ஊனோவில் அந்தக் கணக்கை நடத்தும் டைமர் சுமார் ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை இன்டர்ரப்ட் எழுப்புகிறது. 9 மில்லிவினாடி மூடியிருந்தால் அவற்றில் ஒன்று மட்டுமே நினைவில் நிற்கும், மற்றவை தொலைந்து போகும். அசைவு ஓடும்போதெல்லாம் உங்கள் கடிகாரம் மெதுவாக நடக்கிறது என்று பொருள். இந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும் லைப்ரரிகளும் உள்ளன, ஆனால் ரிமோட் சிக்கலை அவை தீர்ப்பதில்லை.

நினைவகத்திலும் ஊனோ உங்களுக்குப் போதாது. ஒவ்வொரு எல்இடிக்கும் 3 பைட் தேவை. 300-க்கு 900 பைட் போனாலும், ஊனோவின் 2,048 பைட்டில் மீதியை வைத்துச் சமாளிக்கலாம். 900 எல்இடிக்கு 2,700 பைட். இது மொத்த நினைவகத்தையே தாண்டிவிடுகிறது. இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது: நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி இந்த இடத்தை நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒதுக்குகிறது. எனவே கம்பைல் செய்யும்போது திரையில் காட்டப்படும் நினைவகக் கணக்கில் இது சேராது. தாராளமாக இடம் இருப்பதாகவே அது சொல்லும்.

எனவே புதிய போர்டைத் தேர்வு செய்யும்போது மெகாஹெர்ட்ஸை இரண்டாம் இடத்தில் வையுங்கள். டேட்டாவை அனுப்பும் வேலையை மைய செயலியிடமிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளும் வன்பொருள் அந்தச் சிப்புக்குள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இஎஸ்பி8266-இல் அது அரைகுறையாக உண்டு. வைஃபை உள்ளது, உங்கள் எண்ணிக்கைக்கு நினைவகமும் போதும். ஆனால் ஒரே ஒரு மையச் செயலி, வைஃபை வேலையையும் அதுவே கவனிக்க வேண்டும். மென்பொருளாலேயே துடிப்புகளை உருவாக்கும் லைப்ரரியை அதில் பயன்படுத்தினால், வைஃபை குறுக்கிடும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிப்பில் எங்காவது ஒரு பொறி பறக்கும். நியோபிக்சல்பஸ் லைப்ரரி இதைத் தவிர்க்க, ஜிபிஐஓ 3 என்ற பின்னில் (இணைப்பு முனை) டிஎம்ஏ (மைய செயலியின் தலையீடின்றி நினைவகத்திலிருந்து டேட்டாவை நகர்த்தும் வன்பொருள்) வழியாகவோ ஜிபிஐஓ 2-இல் யுஆர்ட் (சீரியல் தொடர்புக்கான வன்பொருள்) வழியாகவோ டேட்டாவை அனுப்புகிறது. அந்த இரண்டு பின்களில் ஒன்றோடு மனநிறைவு கொள்பவர்களுக்கு, 300 எல்இடி வரை அது நல்ல போர்டுதான்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இஎஸ்பி32. இரண்டு மையங்கள், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் எல்லாம் இருக்கின்றன என்பதை விட, ஆர்எம்டி என்ற பகுதி அதில் இருப்பதே முக்கியம். அகச்சிவப்பு ரிமோட்டுக்கென வடிவமைக்கப்பட்ட அந்தப் பகுதி, எவ்வளவு நேரம் உயர்நிலை, எவ்வளவு நேரம் தாழ்நிலை என்ற பட்டியலைக் கொடுத்தால் துடிப்புகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதில் எட்டு தடங்கள் இருப்பதால், 900 எல்இடியை ஒரே வரிசையாக ஓட்டாமல் 300 வீதம் மூன்று பின்களில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஒரே வரிசை என்றால் ஒரு முழுச் சட்டகம் (எல்லா எல்இடிக்கும் ஒருமுறை அனுப்பும் டேட்டா) அனுப்ப 27 மில்லிவினாடி, அதாவது நொடிக்கு 36 சட்டகங்கள் அளவில் நின்றுவிடும். மூன்றாகப் பிரித்தால் நொடிக்கு 100-ஐத் தாண்டும். வேகமாக நகரும் ஒளியில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் ஆர்எம்டி பற்றிச் சொன்னதில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது; இஎஸ்பி32 வாங்கிய பின்னும் ஸ்ட்ரிப் மினுங்குகிறதே என்று பலரும் குழம்புவது அந்த இடத்தில்தான்.

அசல் இஎஸ்பி32-இல் ஆர்எம்டியின் ஒரு தடத்திற்கு 64 சொற்கள் கொண்ட சிறு நினைவகம்தான் ஒதுக்கப்பட்டுள்ளது. ஸ்ட்ரிப்பின் ஒரு பிட்டுக்கு ஒரு சொல் செலவாகிறது. ஓர் எல்இடிக்கு 24 பிட் என்பதால், அந்த நினைவகத்தில் மூன்று எல்இடியின் டேட்டாகூட முழுதாக அடங்காது. எனவே பாதி காலியானதும் ஓர் இன்டர்ரப்ட் எழுந்து, அடுத்த பாதியை நிரப்ப வேண்டும். பாதி என்பது 32 பிட், அதாவது 40 மைக்ரோவினாடி. அந்த நேரத்திற்குள் வைஃபை தொடர்பான வேறொரு வேலை குறுக்கே வந்து நிரப்புவது தாமதமானால், டேட்டா அறுந்து, சில எல்இடிகள் ஒரு கணம் தவறான நிறத்தைக் காட்டும். தடங்கள் எட்டும் தேவைப்படாதபோது ஒரு தடத்துக்குப் பக்கத்துத் தடங்களின் நினைவகத்தையும் கடனாகக் கொடுத்து இந்த அவகாசத்தை நீட்டிக்கொள்ளலாம். அல்லது ஐ2எஸ் (ஒலி டேட்டாவுக்கான இணைப்பு) வழியாக டிஎம்ஏ கொண்டு அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். லைப்ரரிகளில் இதற்கான தெரிவு பெரும்பாலும் இருக்கிறது. இஎஸ்பி32 என்ற பெயரில் விற்பவை அனைத்தும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சி3 வகையில் ஒரே மையம், அனுப்புவதற்கு இரண்டே ஆர்எம்டி தடங்கள். எஸ்3 வகையில் இரண்டு மையங்களும் அனுப்புவதற்கு நான்கு தடங்களும் உள்ளன. ஆர்எம்டியில் டிஎம்ஏ வசதியும் சேர்ந்திருக்கிறது.

இனி என் கருத்து. வேலையைப் பிரித்துக்கொள்ளும் வன்பொருள்தான் முதல் அளவுகோல் என்றால், அதில் முதலிடம் ராஸ்பெர்ரி பை பிக்கோவுக்கே தருவேன். 2021-இல் வெளிவந்த அந்த போர்டின் ஆர்பி2040 சிப்பில் பிஐஓ என்ற பகுதி உள்ளது. மைய செயலிகளைச் சாராமல், தனக்கென்று ஒரு குட்டி நிரலை ஓட்டக்கூடிய எட்டு நிலை இயந்திரங்கள் அதில் இருக்கின்றன. இந்த வகை ஸ்ட்ரிப்புக்கான குட்டி நிரலை அதன் அதிகாரபூர்வ எடுத்துக்காட்டுகளிலேயே பார்க்கலாம்: மொத்தம் நான்கே கட்டளைகள். ஒரு பிட்டை எடுத்துத் தாழ்நிலையில் வைப்பது, அது 0 ஆ என்று பார்த்தபடி உயர்நிலைக்குப் போவது, 1 என்றால் அங்கேயே இன்னும் சற்று நிற்பது, 0 என்றால் கீழே இறங்கிவிடுவது. டிஎம்ஏவையும் சேர்த்துவிட்டால் ஒரு முழுச் சட்டகத்தையும் கொடுத்துவிட்டு மைய செயலி தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். 40 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை திரும்பி வந்து ஊட்ட வேண்டியதில்லை. துடிப்புகளின் நீளத்தை அலைக்காட்டியில் பார்த்தால் அவ்வளவு சீராக இருக்கும். நினைவகம் 264 கிலோபைட். உங்கள் 2,700 பைட் அதில் ஒரு பொருட்டே அல்ல.

கைபேசிக் கட்டுப்பாட்டுக்கு வைஃபை உள்ள பிக்கோ டபிள்யூ வேண்டும். இசைப் பகுதியில் மட்டும் ஒரு குறை உண்டு: ஆர்பி2040-இல் பதின்மக் கணக்குகளுக்கான தனி வன்பொருள் இல்லாததால், ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கை முழு எண்களில் எழுத வேண்டியிருக்கும். அசல் இஎஸ்பி32-இலும் எஸ்3-இலும் அந்த வன்பொருள் உள்ளது. பிக்கோ 2-இல் உள்ள ஆர்பி2350-இலும் உள்ளது. சொந்தமாக நிரல் எழுதுவதில் உங்களுக்கு நாட்டம் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் பிக்கோ 2 டபிள்யூவையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி 3

சொந்தமாக எழுதுவது நல்லதுதான். ஆனால் கேட்டவரின் தேவைப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கைபேசி, நேர அட்டவணை, இசைக்கேற்ற அசைவு ஆகிய மூன்றும் டபிள்யூஎல்இடி என்ற திறந்தமூல மென்பொருளில் ஏற்கெனவே இருக்கின்றன. அது இஎஸ்பி8266-இலும் இஎஸ்பி32 குடும்பத்திலும் ஓடும், பிக்கோவில் ஓடாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதில் நான் பெரிதும் மதிப்பது அசைவுகளின் எண்ணிக்கையை அல்ல, மின்னோட்ட வரம்பை. உங்கள் பவர் சப்ளை இத்தனை மில்லியாம்பியர் தரும் என்று அமைப்பில் எழுதிவிட்டால், ஒவ்வொரு சட்டகத்திற்கும் எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படும் என்று மதிப்பிட்டு, மிஞ்சினால் மொத்த ஒளியையும் குறைத்துக்கொள்கிறது. தவறுதலாக முழு வெள்ளையை அழுத்திவிட்டாலும் சப்ளை திணறாது. ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரியிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. சொந்தமாக எழுதினால் அதை இயக்க மறக்காதீர்கள்.

பின்னாளில் உங்கள் நிரலிலிருந்து நேரடியாகச் சட்டகங்களை அனுப்ப விரும்பினாலும், வலையமைப்பின் வழியே இ1.31, ஆர்ட்-நெட் போன்ற நெறிமுறைகளில் அது ஏற்றுக்கொள்ளும். ஒரு தொகுதியில் 512 தடங்கள், ஓர் எல்இடிக்கு மூன்று தடங்கள் என்பதால் ஒரு தொகுதிக்கு 170 எல்இடி அடங்கும். 900-க்கு ஆறு தொகுதிகள். ஆகவே முதலில் இதை ஏற்றி விளக்கை எரியவிடுங்கள், சொந்த நிரலைப் பிறகு கணினியில் எழுதுங்கள். டீன்ஸி 4.1 பற்றியும் கேட்டிருந்தீர்கள். 600 மெகாஹெர்ட்ஸ் வேகமும் ஆக்டோடபிள்யூஎஸ்2811 லைப்ரரியும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான எல்இடிகளை எளிதாக ஓட்டும். ஆனால் வைஃபை இல்லை. ஒரு சுவர் முழுவதையும் காட்சித்திரை ஆக்கும் நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவரின் தொடர் கேள்வி

மூவருக்கும் நன்றி. ரிமோட் ஏன் திணறியது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. இஎஸ்பி32-ஐ எடுத்து, முதலில் டபிள்யூஎல்இடியோடு தொடங்குவது என்று முடிவு செய்துள்ளேன்.

மின்சாரப் பக்கம் இன்னும் சந்தேகம் இருக்கிறது. இஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட், ஸ்ட்ரிப்போ 5 வோல்ட். நேராக இணைத்தாலே நன்றாக எரிகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். இணைக்கவே கூடாது என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இதில் எது சரி? போர்டில் 5 வோல்ட் என்று குறித்திருக்கும் பின்னிலிருந்தே ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் எடுக்கலாமா? கூடவே, எந்தெந்தப் பின்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி 4

நேராக இணைத்தால் எரியும் என்பதும் உண்மை, அதை நம்பக் கூடாது என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகின்றன என்பதைச் சொல்கிறேன்.

டபிள்யூஎஸ்2812பி-யின் தரவுத்தாள்படி, டேட்டா பின்னில் வரும் மின்னழுத்தம் அந்த எல்இடியின் மின்வழங்கல் அழுத்தத்தில் 0.7 பங்குக்கு மேல் இருந்தால்தான் அது உயர்நிலை என்று கொள்ளப்படும். 5 வோல்ட்டுக்கு அது 3.5 வோல்ட். இஎஸ்பி32 தருவது 3.3. கணக்குப்படி போதாது; ஆனாலும் பெரும்பாலான சிப்புகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. அது மட்டுமல்ல, ஸ்ட்ரிப் பிரகாசமாக எரியும்போது கம்பிகளில் ஏற்படும் இழப்பால் முதல் எல்இடிக்கே 4.7 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். அப்போது வேண்டியது 3.29 வோல்ட். எனவே மேசைமேல் வைத்து முழு ஒளியில் சோதிக்கும்போது குறையின்றி எரியும். இரவில் ஒளியைக் குறைத்து வைத்தால் இழப்பு குறைந்து அழுத்தம் மீண்டும் 5-ஐ எட்டும், வரம்பும் 3.5-க்கு ஏறும், மினுங்கல் தொடங்கும். ஒளியைக் குறைத்தால் மட்டும் கோளாறு வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

தீர்வு எளிது. 74ஏஎச்சிடி125 என்ற சிப்பை 5 வோல்ட்டில் இயக்கி, இஎஸ்பி32-க்கும் ஸ்ட்ரிப்புக்கும் இடையில் வையுங்கள். அதன் உள்ளீடு 2 வோல்ட்டையே உயர்நிலையாக ஏற்று, வெளியீட்டில் 5 வோல்ட் தரும். ஒரே சிப்பில் நான்கு வாயில்கள் இருப்பதால் உங்கள் மூன்று வரிசைகளுக்கும் ஒன்றே போதும். பெயரில் உள்ள அந்த 'டி' எழுத்தை விட்டுவிடாதீர்கள். 74எச்சி125 வாங்கினால் அதன் வரம்பும் அதே 3.5 வோல்ட் அளவில்தான் இருக்கும், வாங்கியதற்குப் பயனே இல்லை. ஐ2சி சென்சர்களுக்கென்று விற்கும் இருதிசை அளவு மாற்றிகளும் இங்கே உதவாது. அவற்றில் சமிக்ஞையை மேலே இழுப்பது 10 கிலோஓம் மின்தடை ஒன்றுதான். கம்பியின் கொள்திறனை அது மெதுவாகத்தான் நிரப்பும், 0.4 மைக்ரோவினாடித் துடிப்பு உச்சிக்கு ஏறுவதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

அந்தச் சிப்பின் வெளியீட்டிலிருந்து ஸ்ட்ரிப்புக்குப் போகும் கம்பியில் 220 முதல் 470 ஓம் வரையிலான ஒரு மின்தடையை முதல் எல்இடியின் அருகில் தொடராக இணைப்பது வழக்கம். கம்பியின் முனையில் எதிரொலிக்கும் துடிப்புகளை அது அடக்கும். டேட்டா கம்பியோடு ஒரு கிரவுண்டு கம்பியையும் முறுக்கி ஒன்றாகவே கொண்டுபோங்கள். முதல் எல்இடிக்குப் பிறகு தொலைவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு எல்இடியும் சமிக்ஞையைப் புதிதாக உருவாக்கியே அடுத்ததற்குத் தருகிறது.

போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. ஒரு எல்இடியில் மூன்று நிறமும் முழுதாக எரிந்தால் 60 மில்லியாம்பியர் என்று கணக்கிடுவது மரபு. புதிய தயாரிப்புகள் இதைவிடக் குறைவாகவே எடுக்கின்றன என்றாலும், சப்ளையைத் தேர்வு செய்ய இந்தக் கணக்கே பாதுகாப்பானது. 300-க்கு 18 ஆம்பியர், 90 வாட். 900-க்கு 54 ஆம்பியர், 270 வாட். போர்டில் உள்ள யுஎஸ்பி வழித்தடம் அரை ஆம்பியர் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. சப்ளையிலிருந்து தடித்த கம்பிகளை நேரே ஸ்ட்ரிப்புக்குக் கொண்டுபோய், அதிலிருந்து ஒரு கிளையை போர்டுக்குக் கொடுங்கள். கிரவுண்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும், ஒவ்வொரு மின்கிளைக்கும் ஒரு ஃபியூஸும் இருக்க வேண்டும். ஃபியூஸை வீண் செலவு என்று எண்ணுபவர்கள், 5 வோல்ட்தானே என்கிறார்கள். மெல்லிய கம்பியில் 20 ஆம்பியர் பாய்ந்தால் உறை உருக அந்த 5 வோல்ட்டே போதும்.

5 மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால், மறுமுனையில் வெள்ளை நிறம் மஞ்சளாகி, பிறகு சிவந்து போவதைப் பார்ப்பீர்கள். நீல எல்இடிக்கு அதிக மின்னழுத்தம் தேவை என்பதால் அதுவே முதலில் மங்கும். இரு முனைகளிலும் மின்சாரம் கொடுங்கள். முழு வெள்ளை அதிகம் பயன்படுத்துவதாக இருந்தால் நடுவிலும் கொடுங்கள். இரண்டு மூன்று சப்ளைகளைப் பயன்படுத்தினால் அவற்றின் 5 வோல்ட் கம்பிகள் ஒன்றோடொன்று சேரக் கூடாது. ஸ்ட்ரிப்புகள் சந்திக்கும் இடத்தில் 5 வோல்ட் தடத்தை மட்டும் வெட்டிவிட்டு, கிரவுண்டையும் டேட்டாவையும் தொடரவிட வேண்டும்.

மேலும், எல்லா எல்இடியும் அணைந்திருக்கும்போதும் உள்ளிருக்கும் சிப்புகள் தலைக்கு ஒரு மில்லியாம்பியரை ஒட்டிய அளவு எடுத்துக்கொண்டே இருக்கும். 900-க்கு அது ஓர் ஆம்பியரை நெருங்கும். ஆகவே அணைக்கும்போது ஸ்ட்ரிப்பின் மின்சாரத்தையே ரிலே வழியாகத் துண்டிப்பது நல்லது. டபிள்யூஎல்இடியில் இதற்கென ஒரு பின்னை ஒதுக்கலாம்.

மறுமொழி 5

இன்னும் வாங்கவில்லை என்றால், 900 எல்இடிக்கு 5 வோல்ட் ஸ்ட்ரிப்பே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். டபிள்யூஎஸ்2815 என்ற 12 வோல்ட் வகையில் மின்னழுத்த இழப்பு பெரும் சிக்கலாக இராது. ஓர் எல்இடி பழுதானாலும் அடுத்தவை தொடர்ந்து எரிய உதவும் மாற்று டேட்டா கம்பியும் அதில் உண்டு. மின்சாரம்தான் 12 வோல்ட். டேட்டா 5 வோல்ட்டிலேயே செல்லும், ஆகவே மேலே சொன்ன 74ஏஎச்சிடி125 அப்படியே பொருந்தும். மலிவான 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 ஸ்ட்ரிப்புகளில் மூன்று எல்இடிக்கு ஒரு சிப் என்ற கணக்கில் மூன்றும் ஒரே நிறத்தில்தான் எரியும். மறைவிளக்குக்கு அது குறையாகத் தெரியாது, ஓடும் புள்ளிகளுக்குத் தெரியும்.

அறையில் காணொளி எடுக்கும் பழக்கம் இருந்தால் ஏபிஏ102 வகையைப் பாருங்கள். அதில் கடிகாரத் துடிப்புக்குத் தனிக் கம்பி இருப்பதால், மேலே பேசிய நேரக்கணக்குச் சிக்கல் எதுவும் கிடையாது. ஊனோகூட இன்டர்ரப்டுகளை நிறுத்தாமல் அதை ஓட்டும். எல்இடி உள்ளுக்குள் அணைந்து எரியும் அதிர்வெண்ணும் மிக உயர்வானது என்பதால் கேமராவில் வரிகள் விழுவது அரிது. விலையும் கம்பிகளும் கூடுதல் என்பதே தடை.

மறுமொழி 1 எழுதியவர், மீண்டும்

பின்கள் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அசல் இஎஸ்பி32-இல் ஜிபிஐஓ 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன; தொடக் கூடாது. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டுமே. ஸ்ட்ரிப்பை அவற்றில் இணைத்துவிட்டு எரியவில்லையே என்று தேடுவது வீண். 1-உம் 3-உம் சீரியல் தொடர்புக்கு உரியவை. 0, 2, 5, 12, 15 ஆகியவற்றின் நிலையைச் சிப் விழித்தெழும்போது படித்துப் பார்க்கிறது. இவற்றில் 12 மிகவும் தொல்லை தருவது: தொடக்கத்தில் அது உயர்நிலையில் இருந்தால் ஃபிளாஷின் மின்னழுத்தம் தவறாக அமைந்து போர்டு இயங்கவே தொடங்காது. அனலாக் மைக்கை இணைப்பதாக இருந்தால், வைஃபை இயங்கும்போது இரண்டாம் ஏடிசியைச் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) சேர்ந்த பின்களில் அனலாக் மதிப்பைப் படிக்க முடியாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். ஐஎன்எம்பி441 போன்ற ஐ2எஸ் மைக் ஒன்றை வாங்கினால் அந்தச் சிக்கலே எழாது. சத்தமும் சுத்தமாக வரும்.

உங்கள் மூன்று வரிசைகளுக்கு 18, 19, 23. மைக்குக்கு 25, 32, 33. ரிலேவுக்கு 27 என்று ஒதுக்கிக்கொள்ளலாம். 74ஏஎச்சிடி125-இல் நீங்கள் பயன்படுத்தும் வாயில்களின் உள்ளீடுகளை ஒவ்வொரு 10 கிலோஓம் மின்தடையால் கிரவுண்டுக்கு இழுத்து வையுங்கள். போர்டு விழித்தெழும் அந்த ஒரு கணத்தில் முதல் எல்இடிகள் கண்டபடி மின்னுவது நின்றுவிடும். நான்காவது வாயிலின் உள்ளீட்டையும் மிதக்கவிடாமல் கிரவுண்டிலேயே கட்டிவிடுங்கள்.